உள்ளே போகாத சாவிக்காரி

ஆர்ட்வோரன் கோட்டையைப் பார்க்க வேண்டுமென்றால் முதலில் டோலினா மெக்வூரிக்கின் சமையலறையைத் தாண்டியாக வேண்டும். கோட்டைச் சாவி அவள் வீட்டுக் கதவுக்குப் பின்னால், மழைக்கோட்டுக்குப் பக்கத்து ஆணியில் தொங்குகிறது. சாவிக்கு நீலக் கதவு வீட்டில் கேட்கவும் என்று சாலையோரத்துப் பலகையில் எழுதியிருக்கும். வருகிறவர்களும் நம்பி வந்து கதவைத் தட்டுவார்கள், பாவம்.

கட்டணம் கிடையாது. ஆனால் சும்மாவும் கிடைக்காது. உங்க பேரு என்ன, யார் பிள்ளை, எங்கேர்ந்து வர்றீங்க. இந்த மூன்றுக்கும் பதில் வராமல் டோலினாவின் கை ஆணிப் பக்கம் போகாது. அதற்கப்புறம் வருவதெல்லாம் உபரி. கல்யாணம் ஆயிடுச்சா, ஆகலைன்னா ஏன் ஆகலை, அந்த ஸ்வெட்டரைப் பின்னினது யாரு, மாமியார் கூடவே இருக்காங்களா. ஒரு தடவை இத்தாலிக்காரர் ஒருவர் சாவி வாங்க வந்து, உட்கார்ந்து, மாமியாரோடு தனக்கிருந்த சண்டையை ஆதியோடந்தமாகச் சொல்லி முடிப்பதற்குள் கோட்டைக்குப் போகும் கல்பாதையைத் தண்ணீர் மூடிவிட்டது. மனுஷர் கோட்டையைப் பார்க்காமலே ஊருக்குத் திரும்பினார். ஆனாலும் கிறிஸ்மஸுக்கு வருஷா வருஷம் டோலினாவுக்கு வாழ்த்து அட்டை வருகிறது. மாமியார் போய்ச் சேர்ந்ததையும் அப்படித்தான் தெரிந்துகொண்டோம்.

லோக் என்றால் ஏரி, ஆனால் எங்கள் லோக்கில் கடல்தான் உள்ளே வந்து படுத்துக் கிடக்கிறது. தண்ணீர் வடிந்தால் கரைக்கும் கோட்டைப் பாறைக்கும் நடுவே கல்பாதை தெரியும். ஏறினால் தெரியாது. கரையில் இருபது வீடு, ஒரு தேவாலயம், ஒரு கடை. ஊரில் பாதிப் பேருக்கு டோலினாவின் முகஜாடை, ஏனென்றால் பாதிப் பேர் மெக்வூரிக்குகள். நீளமான மூக்கு, நுனியில் இடப்பக்கமாக ஒரு வளைவு. டோலினாவுக்கு அதோடு இடது புருவமும் எப்போதும் ஏறியே இருக்கும். கேள்வி கேட்டுக் கேட்டே புருவம் அங்கே நின்றுபோய்விட்டது என்று கடையில் கேலி பேசுவார்கள். அதெல்லாம் இல்லை, அவள் பிறந்ததிலிருந்தே அப்படித்தான்.

கோட்டையைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் சாவியைக் கொடுக்க வரும்போது கேள்வியின் இரண்டாம் சுற்று தொடங்கும். தேநீரும் ஓட்ஸ் ரொட்டியும் வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்துகொள்வாள். கூடம் எவ்வளவு பெரிசு, கிணத்துல தண்ணி இருக்கா, படிக்கட்டு எந்தப் பக்கம் சுத்துது. முக்கியமாக ஒரு கேள்வி. கூடத்துக் கணப்புக்கு மேலே கல்லில் செதுக்கிய முகம் ஒன்று இருக்கிறதாம். அது சிரிக்கிறதா, அழுகிறதா?

ஒருத்தர் சொன்னதை ஒருத்தர் சொன்னதில்லை. சிரிப்பு என்றார் ஒரு பாதிரியார். அழுகை என்றாள் அவர் மனைவி. அதுக்குப் பசிக்குது என்றது அவர்கள் குழந்தை. பதில் சொல்லும்போது எல்லோரும் டோலினாவின் முகத்தை ஒரு கணம் கூடுதலாகப் பார்ப்பார்கள், பிறகு சட்டென்று தேநீர்க் கோப்பைக்குள் பார்ப்பார்கள். ரொட்டித் துணுக்கு ஒட்டியிருக்கிறதோ என்று அவள் முகவாயைத் துடைத்துக்கொள்வாள்.

இவ்வளவு ஏன் கேட்கிறாள் என்றால், அவள் உள்ளே போனதில்லை. ஒருமுறைகூட. அறுபது வயதாகிறது, கோட்டை அவள் ஜன்னலில் இருக்கிறது, சாவி அவள் ஆணியில் இருக்கிறது, ஆனால் வாசற்படியைத் தாண்டியதில்லை. எந்த மெக்வூரிக்கும் தாண்டக் கூடாது.

காரணம் ஒரு கல்யாணம். நானூறு வருஷத்துக்கு முன்னால் கோட்டைக்காரர்கள் வீட்டில் கல்யாணம் நடந்தது. மெக்வூரிக்குகள் குடும்பம் குடும்பமாகப் போனார்கள். பந்தியில் இடமில்லை என்று சொல்லி அவர்களை வாசலில் மழையில் நிறுத்தி, கதவைச் சாத்திவிட்டார்கள். விடிய விடிய நனைந்தவர்கள், இனி எங்கள் ரத்தம் உங்கள் வாசற்படியை மிதிக்காது என்று கதவின் மேல் கைவைத்துச் சத்தியம் செய்துவிட்டுத் திரும்பினார்கள். கோட்டைக்காரர்கள் வம்சமே அற்றுப்போய், கூரை விழுந்து, காக்கை குடியேறியாகிவிட்டது. சத்தியம் மட்டும் கிண்ணென்று இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளைக் கோட்டைக்குக் கூட்டிப் போகும்போது மெக்வூரிக் பிள்ளைகள் மட்டும் கரையில் உட்கார்ந்து ரொட்டி தின்பார்கள். டீச்சருக்கே அது பழக்கம், நீங்கள்ளாம் இங்கேயே இருங்க என்று கை காட்டிவிட்டுப் போவார். அப்படி உட்கார்ந்திருந்த நாளிலிருந்தே உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க டோலினாவுக்கு உயிர் துடித்தது.

சாவி அவள் அப்பா ஃபின்லே காலத்தில் வீட்டுக்கு வந்தது. கோட்டையைப் பராமரிக்கிறவர்கள் கரையில் பொறுப்பான ஆளைத் தேடியபோது ஃபின்லே தானாகப் போய் வாங்கிக்கொண்டார். "நாம உள்ள போக மாட்டோம். ஆனா நம்மளக் கேக்காம இனி ஒருத்தனும் உள்ள போக முடியாது" என்றாராம். ஊரே அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது.

ஃபின்லேயின் ரோஷம் முழுக்க மூத்தவன் முர்டோவுக்கு வந்திருந்தது. ஆடு வளர்க்கிறவன், கல்யாணம் பண்ணிக்கொள்ளாதவன். டோலினாவின் புருஷன் காலமாகிவிட்டார், மகன் அபர்தீனில் எண்ணெய்க் கப்பல் வேலையில் இருக்கிறான். மிச்சம் அண்ணன்தான். தினம் சாயங்காலம் வருவான், பார்லி சூப்பைக் குடிப்பான், உப்பு பத்தலை என்பான், வானொலியில் வானிலை சொல்கிறவனோடு சண்டை போடுவான், போவான். அந்த ஒரு மணி நேரம் இல்லாவிட்டால் அவளுக்கு நாள் நாளாக இருக்காது.

சித்தப்பா மகன் எவான் ஒருநாள் கோட்டைக்குள் போய்விட்டு வந்தான், பகலில், எல்லோரும் பார்க்க. அன்று சாயங்காலம் முர்டோ அவன் வீட்டுக்குப் போய் ஏதோ பேசினான், எவானும் ஏதோ பேசினான். என்ன பேசினார்கள் என்று டோலினாவாலேயே கறக்க முடியவில்லை. அதோடு பேச்சு நின்றது. பன்னிரண்டு வருஷமாகத் தேவாலயத்தில் ஒரே பெஞ்சின் இரண்டு முனையில் உட்கார்ந்துகொண்டு, ஒருவர் இருமினால் மற்றவர் சுவரைப் பார்க்கிறார்கள். தான் உள்ளே போனாலும் இதே கதிதான் என்று டோலினாவுக்குத் தெரியும். முகம் சிரிக்கட்டும் அழட்டும், அண்ணன் வேண்டும் அவளுக்கு.

இது இப்படியே போயிருக்கும், அந்த டச்சுக்காரி வராவிட்டால்.

அக்டோபர் கடைசி. ஊர் மொத்தமும் ஆட்டுச் சந்தைக்குப் போயிருந்தது. மதியத்துக்கு மேல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஒரு நெட்டையான பெண் வந்து கதவைத் தட்டினாள்.

"கோட்டைச் சாவி வேணும்."

"இருக்கு, உள்ள வாங்க. பேரு?"

"மார்யோலைன்."

"யார் பொண்ணு?"

வந்தவள் விழித்தாள். "எங்கப்பாவை உங்களுக்குத் தெரியாதே."

"தெரியாததாலதானே கேக்குறேன்."

"ஹைபெர்ட்டுன்னு பேரு. எங்க ஊர்க் கால்வாய்ல பாலத்தைத் தூக்கி இறக்குறவர்."

"அப்போ நம்ம தொழில்தான், வழி விடுறது. எந்த ஊரு?"

"ஸ்னேக். நெதர்லாந்து."

"அவ்ளோ தூரம் சைக்கிள்லயேவா? புருஷன் எங்க?"

"வீட்ல இருக்காரு. மலை ஏறணும்னா அழுவாரு. அதான் விட்டுட்டு வந்துட்டேன்."

டோலினாவுக்கு அவளை ரொம்பப் பிடித்துவிட்டது. மனதில் உள்ளதை அப்படியே போட்டு உடைக்கிறவர்கள் எங்கள் ஊரில் குறைவு. ஆணியிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டே எச்சரிக்கையையும் ஆரம்பித்தாள்.

"சுத்துப் படியில ஒரு கல்லு மட்டும் மத்ததைவிட உசரம். எதிரி ஏறி வந்தா தடுக்கி விழட்டும்னு வேணும்னே வச்சது. ஏறும்போது ஞாபகம் இருக்கும், இறங்கும்போதுதான் எல்லாரும் மறந்துடுறாங்க. அப்புறம் பாதையோரம் ஒரு பாறையில வெள்ளைக் கோடு போட்டிருக்கும். கோடு நனைய ஆரம்பிச்சா பேசாம கிளம்பி வந்துடுங்க."

"நீங்க நெறைய தடவை போயிருப்பீங்க."

"நான் சாவி மட்டும்தாங்க," என்றாள் டோலினா. "அந்தக் கணப்பு மேல ஒரு முகம் இருக்கு. நல்லா பாத்துட்டு வந்து சொல்லணும், சிரிக்குதா அழுவுதான்னு."

மார்யோலைன் போனாள். டோலினா சூப்பை அடுப்பில் ஏற்றினாள், காரட் நறுக்கினாள், ஜன்னலைப் பார்த்தாள். துணி மடித்தாள், ஜன்னலைப் பார்த்தாள். வெளிச்சம் சாம்பல் நிறத்துக்கு வந்தது. பாறையில் வெள்ளைக் கோடு பாதி காணாமல் போயிருந்தது. பாதையில் ஆளைக் காணோம்.

கரைக்கு ஓடிப்போய்க் கையைக் குவித்துக் கூப்பிட்டாள். பதிலுக்குக் கோட்டையிலிருந்து கடற்பறவை கத்துவது போல ஒரு சத்தம். உற்றுக் கேட்டால், மனுஷக் குரல். வலியில் கூப்பிடுகிற குரல்.

ஊரில் ஒரு ஈ காக்கை இல்லை. முர்டோ வீட்டில் நாய் மட்டும்தான் குரைத்தது. மீட்புப் படகு லோக் கடலோடு சேருகிற இடத்தில் இருக்கிற பெரிய ஊரிலிருந்து வர வேண்டும், வருவதற்குள் இருட்டிவிடும். கூரையில்லாத கோட்டையில், அக்டோபர் குளிரில், எழுந்திருக்க முடியாமல் ஒருத்தி கிடக்கிறாள். டோலினா ரப்பர் பூட்ஸை மாட்டினாள், டார்ச்சை எடுத்தாள். கல்பாதையில் இறங்கியபோது தண்ணீர் கணுக்காலைத் தாண்டியது, பாதி வழியில் பூட்ஸுக்குள்ளேயே வந்துவிட்டது. திரும்பிப் போக இனி பாதை இருக்காது என்று தெரிந்துதான் நடந்தாள்.

வாசலில் சாவி பூட்டிலேயே இருந்தது. கதவு திறந்து கிடந்தது. டோலினா படிக்கு இந்தப் பக்கம் நின்றாள். நனைந்த பாவாடை காலில் ஒட்டியது. அண்ணன் சூப்புக் கிண்ணத்தை நகர்த்தி வைத்துவிட்டு எழுந்து போகிற காட்சி கண்ணுக்கு முன்னால் வந்தது.

"யாராவது இருக்கீங்களா?" என்றது உள்ளே குரல்.

"இதோ வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே கால் வைத்தாள்.

உள்ளே போனதும் அவளுக்கே ஆச்சரியம். எல்லாம் தெரிந்தது. நாலு எட்டு வைத்தால் இடப்பக்கம் கிணறு என்று ஒரு ஜெர்மன்காரி சொல்லியிருந்தாள், இருந்தது. அதைத் தாண்டிக் கூடம். வலது மூலையில் சுற்றுப்படி, கடிகாரம் சுற்றுகிற பக்கமாக. எத்தனையோ பேர் ஓட்ஸ் ரொட்டி தின்றுகொண்டே சொன்ன கோட்டை, சொன்னபடியே நின்றது. கணப்பு எங்கே என்றும் தெரியும், ஆனால் அந்தப் பக்கம் டார்ச்சைத் திருப்ப நேரமில்லை. உயரமான கல்லை நினைவில் வைத்து, காலால் தடவித் தடவிப் படியில் ஏறினாள். அந்தக் கல்லுக்குக் கீழ்ப்படியில் மார்யோலைன் உட்கார்ந்திருந்தாள், கணுக்கால் வீங்கி, உதடு நீலம் பாரித்து.

டார்ச் வெளிச்சத்தில் டோலினாவின் முகத்தைப் பார்த்ததும் அவள் வீலென்று கத்திவிட்டாள்.

"வலிக்குதா? தொடவே இல்லையே நான்."

"வலியில்ல." மார்யோலைன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். "ஒண்ணுமில்ல. நீங்கதானா."

"வேற யாரு வருவா? இறங்கும்போதுதானே விழுந்தீங்க?"

"ஆமா. நீங்க சொன்ன அதே கல்லு."

"சொல்லி என்ன பிரயோசனம், போங்க."

ஒவ்வொரு படியாக உட்கார வைத்து உட்கார வைத்து இறக்கினாள். கூடத்துக்கு வந்து சேரும்போது வெளியே தண்ணீரில் துடுப்புச் சத்தம் கேட்டது. பிறகு பாறையில் பூட்ஸ் சத்தம்.

"யாரு உள்ள?" முர்டோவின் குரல். வாசலுக்கு வெளியே நின்றுதான் கேட்டான்.

"நான்தான்ணே."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். இதோ திரும்பிப் போகப் போகிறான், இவ்வளவுதான், இனி பெஞ்சின் மூன்றாவது முனைக்கு எங்கே போவது என்று நினைத்தாள்.

"அடுப்புல சூப்பு அடிப்பிடிச்சு வீடெல்லாம் புகை," என்றான் முர்டோ. "ஆணியில சாவி இல்ல. ஜன்னல்லேர்ந்து பாத்தா இங்க வெளிச்சம்." சொல்லிக்கொண்டே உள்ளே வந்தான். கூடத்து வாசலில் ஒரு உத்தரக் கல் தாழ்வாக இருக்கும், உயரமானவர்கள் எல்லோரும் இடித்துக்கொண்டு வந்து அவளிடம் முறையிடுவார்கள். முர்டோ ஆறடிக்கு மேல். கையில் விளக்குகூட இல்லை. அந்த இடம் வந்ததும் தலையைக் குனிந்துகொண்டு, நேராக, தன் வீட்டுக் கொட்டகைக்குள் நுழைகிறவன் போல வந்தான்.

டோலினா அவனையே பார்த்தாள். "கல்லு இருக்கறது உனக்கு எப்படித் தெரியும்?"

முர்டோ மார்யோலைனைப் பார்த்தான். "இவங்களுக்குக் கால்ல என்ன?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"பேரன் பொறந்தப்ப நீ அபர்தீன் போயிருந்தேல்ல. அப்ப சாவி என்கிட்டதானே இருந்துச்சு."

"உள்ள வந்தியா?"

"ஒரே ஒரு தடவை."

அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "ஆயுசு பூரா சாவியை வச்சுக்கிட்டு வாசல்லயே நிக்குறேன். போறவங்க வர்றவங்ககிட்டல்லாம் பிச்சைக்காரி மாதிரி கேட்டுக்கிட்டு இருக்கேன். நீ வந்து பாத்துட்டு, தினம் என் வீட்ல உக்காந்து உப்பு பத்தலைங்கிறே. எவான்கிட்ட பேச மாட்டே, ஆனா நீ வருவே."

"அவன் சொன்னது பொய்யின்னு காட்டத்தான் வந்தேன்."

"என்ன சொன்னான்?"

முர்டோ அவள் கையிலிருந்த டார்ச்சை மெதுவாக வாங்கி, கணப்புக்கு மேலே திருப்பினான்.

ஒரு பெண்ணின் முகம். நீளமான மூக்கு, நுனியில் இடப்பக்கமாக வளைவு. இடது புருவம் ஏறியிருந்தது. டோலினா தன்னையறியாமல் முகவாயைத் துடைத்துக்கொண்டாள். கல்லில் இருந்தவளுக்குத் துணுக்கு எதுவும் ஒட்டியிருக்கவில்லை.

"மேல விழுந்து கிடந்தப்போ இந்தக் கல்லுல இருக்கறவங்கதான் இறங்கி வந்துட்டாங்கன்னு நெனச்சேன்," என்றாள் மார்யோலைன். "நான் கேக்கணும்னே இருந்தேன். உங்க குடும்பத்து ஆளா? ஊர்ல யாரும் சொல்லலையா?"

யார் சொல்வார்கள். ஊரில் மெக்வூரிக் அல்லாதவர்களெல்லாம் பள்ளிக்கூட நாளிலேயே பார்த்துவிட்டார்கள். அது அவங்க குடும்ப விஷயம், நமக்கெதுக்கு என்று இருந்துவிட்டார்கள். வந்து போகிறவர்களுக்கோ முகத்துக்கு நேரே சொல்லக் கூச்சம். டோலினா முகத்துக்கு அடியில் போய் நின்றாள். சிரிக்கவில்லை. அழவும் இல்லை. வாய் லேசாகத் திறந்து, கண் நேராக வாசலைப் பார்த்தபடி இருந்தது.

"படகு யாருது?" என்றாள் திரும்பாமல்.

"எவானோடது."

"அவன்கிட்ட பேசினியா?"

"பேசல. படகைக் கைகாட்டினேன். எடுத்தான்."

டோலினா விறுவிறுவென்று வாசலுக்குப் போனாள். பாறையை ஒட்டிப் படகைப் பிடித்துக்கொண்டு எவான் இருட்டில் உட்கார்ந்திருந்தான்.

"எவான், அந்தக் கல்யாணத்துல பொண்ணு யாரு?"

"பன்னெண்டு வருஷமா இதை யாராவது கேப்பீங்கன்னு பாத்துக்கிட்டிருக்கேன்," என்றான் எவான். "நம்ம வீட்டுப் பொண்ணுதான். வேற யார் கல்யாணத்துக்கு நம்ம ஆளுங்க அத்தனை பேர் கிளம்பிப் போவாங்க? கணப்பு மேல வீட்டுக்காரி முகத்தைத்தான் வைப்பாங்க. அன்னிக்கே உங்கண்ணன்கிட்ட சொன்னேன், பொய்யின்னான்."

முர்டோ அவளுக்குப் பின்னால் வந்து நின்றிருந்தான். "பொய்யா இருக்கணும்னு இருந்துச்சு," என்றான். "பந்தியில இடம் குடுக்கல, சரி. ரோஷப்பட்டோம், சரி. ஆனா பொண்ணை இங்க விட்டுட்டுப் போயிருக்கோமே. வாசப்படி மிதிக்க மாட்டோம்னு சொன்னா, அதுக்கப்புறம் அவளை யாரு வந்து பாத்திருப்பா? அவ செத்தப்பகூட யாரும் வந்திருக்க மாட்டாங்க. தெரிஞ்சா நீ தாங்க மாட்டேன்னுதான் சொல்லல. நானே தாங்கல."

எவான் படகைக் கட்டிவிட்டு மேலே ஏறி வந்தான். இரண்டு பேரும் மார்யோலைனை ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினார்கள். "கொஞ்சம் உன் பக்கம் தாழ்த்து" என்று முர்டோ சொன்னான், "தாழ்த்திட்டேன்" என்று எவான் சொன்னான். பன்னிரண்டு வருஷத்துக்கப்புறம் அவர்கள் பேசின பேச்சு அவ்வளவுதான்.

"டோலி, வா, போலாம்," என்றான் முர்டோ படகிலிருந்து.

"இருண்ணே, வர்றேன்."

அவள் டார்ச்சோடு திரும்பக் கூடத்துக்குப் போனாள். கணப்புக்கு முன்னால் நின்று, நனைந்த தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு, மேலே பார்த்தாள். அந்த ஏறிய புருவத்தை அவளுக்கு நன்றாகத் தெரியும். வருகிறவர்களைப் பார்த்து என்ன கேட்கும் என்றும் தெரியும்.

"என் பேரு டோலினா," என்றாள். "ஃபின்லே மெக்வூரிக் பொண்ணு. எதிர்க்கரையிலேர்ந்துதான் வர்றேன்."